சுவாசப்பை நாடி அழுத்தமும் மைக்ரோ ஆர்என்ஏயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து இதய, சுவாச கிளினிக்குகளில் நோயாளரும் உறவினரும் கேட்டவை, வாட்டில் மருத்துவ மாணவர் கேட்டவை, ஆய்வுகூடத்தில் மாதிரி எடுப்பவர்கள் கேட்டவை என்று திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கேட்டவர் கேட்ட பாணியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். முதலில் வருத்தம், பிறகு மைக்ரோ ஆர்என்ஏ, பின்பகுதியில் ஆய்வுகூடச் சிக்கல்கள். நோயாளிக்காக வாசிப்பவர்கள் அந்தப் பின்பகுதியை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது.

"கையில கட்டிப் பாத்தா பிரஷர் நோர்மல். எக்கோ றிப்போட்டில மட்டும் பிரஷர் கூட எண்டு கிடக்கு. எது சரி?"

இரண்டும் சரி. கையில் பார்ப்பது இதயத்தின் இடப்பக்கம் உடம்பு முழுக்க அனுப்பும் குருதியின் அழுத்தம். வலப்பக்கம் சுவாசப்பைக்கு மட்டுமே குருதி அனுப்புகிறது, அந்தப் பாதையில் அழுத்தம் மிகக் குறைவு. ஓய்வாக இருக்கும்போது சுவாசப்பை நாடியின் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் இரசம். அது 20ஐத் தாண்டினால் சுவாசப்பை நாடி உயர் அழுத்தம். 2018 வரை இந்த எல்லை 25 ஆக இருந்தது. பழைய புத்தகத்தில் படித்தவர்கள் குழம்புவது இதனால்தான்.

எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலை ஸ்கானில், வரும் எண் கணக்குப் போட்டு எடுத்தது. வலப்பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் குருதியின் வேகத்தை வர்க்கித்து நான்கால் பெருக்குவார்கள். வேகம் செக்கனுக்கு 3.4 மீற்றர் என்றால் 4 × 3.4 × 3.4 = 46. அதோடு வலது சோணையறை அழுத்தத்துக்காக 5 அல்லது 10 கூட்டுவார்கள். இது துடிப்பின் உச்ச அழுத்தம், மேலே சொன்ன 20 சராசரி அழுத்தம். ஆகவே "எனக்கு 40, எல்லை 20, அப்போ இரண்டு மடங்கு" என்று கணக்குப் பார்க்க வேண்டாம். கசிவின் வேகம் 2.8க்கு மேல் என்றால் சந்தேகம், 3.4க்கு மேல் என்றால் பலத்த சந்தேகம். உறுதிப்படுத்துவது கழுத்து அல்லது தொடை நாளம் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் வலப்பக்க கதீற்றர் பரிசோதனை.

"உம்மாக்கு முட்டு எண்டு பம்ப் தந்தாங்க. மறுகா வால்வு எண்டாங்க. இப்ப சுவாசப்பை பிரஷர் எண்டுறாங்க. இது எத்தின வருத்தம்?"

அழுத்தம் ஏறுவது விளைவு. அதற்குப் பின்னால் ஐந்து வகைக் காரணங்கள் உண்டு. முதலாவது, சுவாசப்பையின் சிறு நாடிகளே பழுதாவது: காரணம் தெரியாமல் வருவது, பரம்பரையாக வருவது, தோல் இறுகும் ஸ்கிளெரோடேர்மா போன்ற வருத்தங்களோடு வருவது, பிறவியில் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்காமல் விட்டதால் வருவது. இரண்டாவது, இதயத்தின் இடப்பக்கக் கோளாறு. உலகில் அதிகம் காண்பது இதுதான். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் பக்கத்தில் இதில்தான் அடங்குவார்கள். மூன்றாவது, சுவாசப்பை வருத்தமும் ஒட்சிசன் குறைவும். நான்காவது, பழைய குருதிக் கட்டி கரையாமல் நாடியை அடைத்து நிற்பது. ஐந்தாவது, மற்ற எல்லாம்.

உம்மாவின் கதையில் மூன்று பெயரும் ஒரே சங்கிலியாக இருக்கலாம்: வால்வு சுருங்கி, அழுத்தம் பின்னோக்கி ஏறி, மூச்சு முட்டியிருக்கும். எந்த வகை என்று பிரிக்காமல் மருந்து தொடங்கக் கூடாது. நான்காவது வகையைத் தவறவிட்டால் பெரிய இழப்பு, ஏனென்றால் கட்டியைச் சத்திரசிகிச்சையால் எடுக்க முடியும். அதற்காகத்தான் காற்றோட்ட, குருதியோட்ட ஸ்கானுக்கு அனுப்புகிறார்கள். அலைச்சல் என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

"குழாய்க்குள்ள என்னதான் நடக்குது? கொழுப்பு அடைக்குதா?"

கொழுப்பு இல்லை. நாடிச் சுவரில் மூன்று படைகள்: உள்ளே அகவணி, நடுவில் மழமழப்பான தசை, வெளியே நாரிழையம். வருத்தம் பிடித்த சிறு நாடியில் இந்தக் கலங்கள் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே போகின்றன. தசைப்படை தடிக்கிறது, துவாரம் ஒடுங்குகிறது, சுவர் விறைக்கிறது. முதலாவது வகை முற்றும்போது அகவணிக் கலங்கள் சிக்குப் பிடித்த முடிச்சுகளாகவும் வளரும்.

சுவாசப்பையில் மேலதிகக் குழாய்கள் ஏராளம் இருப்பதால் பெரும்பங்கு பழுதாகும்வரை அழுத்தம் ஏறாது. ஆகவே களைப்பு தெரியும்போது வருத்தம் பழையதாகிவிடுகிறது. அதன்பின் வலது இதயவறை முதலில் தடித்து, பிறகு விரிந்து தளரும். கணுக்கால் வீக்கம், வயிறு ஊதல், படியேறும்போது மயக்கம் எல்லாம் அந்தக் கட்டத்தின் அடையாளம்.

"மைக்ரோ ஆர்என்ஏ எண்டா என்ன, கிருமியா?"

கிருமி இல்லை. நம் ஒவ்வொரு கலத்திலும் தானாக உண்டாகும் மிகச் சிறிய ஆர்என்ஏத் துண்டு, ஏறக்குறைய 22 எழுத்து நீளம். கலம் ஒரு புரதத்தைச் செய்ய முதலில் பரம்பரை அலகிலிருந்து ஒரு தூது ஆர்என்ஏயைப் பிரதி எடுக்கும். மைக்ரோ ஆர்என்ஏ அந்தத் தூதின் வாற்பகுதியில் போய் ஒட்டி, புரதம் உண்டாவதைக் குறைக்கும், அல்லது தூதையே சிதைக்க வைக்கும். வயல் வட்டையில் வட்டவிதானை விதைப்பதுமில்லை, வெட்டுவதுமில்லை. எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மட்டும் பார்க்கிறார். இதன் வேலையும் அப்படித்தான். ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான தூதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கும். ஒரே தூதைப் பல மைக்ரோ ஆர்என்ஏக்களும் தணிக்கும்.

மாணவருக்கு: கருவுக்குள் நீண்ட இழையாகப் பிறந்து, டிரோஷா நொதியால் சுமார் 70 எழுத்துக் கொண்டையூசியாக வெட்டப்பட்டு, கருவுக்கு வெளியே டைசர் நொதியால் மறுபடி வெட்டப்பட்டு, ஆர்கோனோட் புரதத்தில் ஏறிய பிறகுதான் வேலை தொடங்குகிறது. இலக்கைத் தேடுவதில் 2 முதல் 8 வரையான எழுத்துகளே முக்கியம். 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

"கொவிட் ஊசியில இருந்ததும் இதுவும் ஒண்டா?"

இல்லை. பைசர் ஊசியில் இருந்தது ஒரு புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்என்ஏ, ஆயிரக்கணக்கான எழுத்து நீளமானது. மைக்ரோ ஆர்என்ஏ எந்தப் புரதத்தையும் செய்யச் சொல்லாது. 2021இல் இங்கே பெரும்பாலானவர்கள் போட்ட சைனோபார்ம், செயலிழக்கச் செய்த வைரசால் ஆனது, அது வேறு வகை.

"அப்ப இது கூடினதால வருத்தம் வருதா, குறைஞ்சதாலயா?"

இரண்டும் உண்டு. பெருக்கத்தை அடக்கி வைத்திருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ குறைந்தாலும் கலம் பெருகும், அடக்கும் புரதத்தைத் தணிக்கும் மைக்ரோ ஆர்என்ஏ கூடினாலும் கலம் பெருகும். குறைவதற்கு உதாரணம் மிர்-204 (மிர் என்பது மைக்ரோ ஆர்என்ஏயின் சுருக்கம், எண் எது என்பதைக் காட்டும்). அகவணியில் மிர்-424, மிர்-503 குறையும்போது எப்ஜிஎப்-2 என்ற வளர்ச்சிக் காரணி கூடி, பக்கத்துத் தசைக் கலங்களையும் வளரத் தூண்டுகிறது. கூடுவதற்கு உதாரணம் மிர்-17~92 கூட்டமும் மிர்-130/301 குடும்பமும். மிர்-130/301 கூடினால் பெருக்கத்துக்குத் தடை போடும் பிபிஏஆர்-காமா புரதம் குறைகிறது.

ஒன்று கவனியுங்கள். இவற்றில் பல, வருத்தம் தொடங்கிய பிறகு அதை ஓட வைப்பவை. "முதற் காரணம் மைக்ரோ ஆர்என்ஏதான்" என்று எந்த நோயாளிக்கும் சொல்ல முடியாது.

"மிர்-204 பற்றி மட்டும் எல்லா விரிவுரையிலும் சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?"

சங்கிலி முழுதாகத் தெரிந்த உதாரணம் அது. கியூபெக்கின் லாவல் பல்கலைக்கழகக் குழு 2011இல் வெளியிட்டது. தசைக் கலத்தில் ஸ்டாட்-3 என்ற புரதம் தூண்டப்பட்டால் மிர்-204 குறைகிறது. மிர்-204 குறைந்தால் அது தணித்து வைத்திருந்த எஸ்எச்பி-2 என்ற புரதம் கூடுகிறது. எஸ்எச்பி-2 சார்க் நொதியைக் கிளப்ப, சார்க் மறுபடி ஸ்டாட்-3ஐத் தூண்டுகிறது. வட்டம் பூட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த முதல் தூண்டல் போன பிறகும் கலம் ஏன் ஓயாமல் பெருகுகிறது என்பதற்கு இது ஒரு தெளிவான விடை. வட்டத்தில் என்எஃப்ஏடி என்ற புரதமும் சேர்ந்து, கலம் சாகாமல் பார்த்துக்கொள்கிறது.

அதே குழு, நோயுண்டாக்கப்பட்ட எலிகளின் சுவாசக் குழாய் வழியாகச் செயற்கை மிர்-204ஐத் தூவலாகக் கொடுத்தது. அழுத்தமும் சுவர்த் தடிப்பும் குறைந்தன. எலியில்தான், மனிதரில் இல்லை. விரிவுரைகளில் அடிக்கடி விடுபடுவது இந்த வரிதான்.

"பரம்பரையா வருமா? பிள்ளைகளையும் பாக்கணுமா?"

பெரும்பாலானோருக்குப் பரம்பரைத் தொடர்பு இல்லை. முதலாவது வகையில் ஒரு பகுதியினருக்கு பிஎம்பிஆர்-2 பரம்பரை அலகில் விகாரம் இருக்கும். இது 2000இல் கண்டறியப்பட்டது. விகாரம் இருந்தாலும் எல்லோருக்கும் வருத்தம் வராது: பெண்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வருக்கு, ஆண்களில் ஏழு பேரில் ஒருவருக்கு. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால், அல்லது இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வால்வாலோ சுவாசப்பையாலோ வந்தது என்றால் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பயம் வேண்டாம்.

விகாரம் இல்லாதவரிலும் பிஎம்பிஆர்-2 புரதம் குறைந்து காணப்படுவதுண்டு. அழற்சியில் கூடும் இன்டர்லூகின்-6 ஸ்டாட்-3ஐத் தூண்டி, ஸ்டாட்-3 மிர்-17~92ஐக் கூட்டி, அது பிஎம்பிஆர்-2ஐத் தணிக்கிறது. பரம்பரையும் அழற்சியும் ஒரே இடத்தில் வந்து முட்டுவது இப்படி.

"சில்டெனாபில் ஆம்பிளைகள்ற குளிசையெல்லோ? அம்மாக்கு எதுக்கு?"

சுவாசப்பை நாடியின் தசையைத் தளர்த்த அதே மருந்து பயன்படுகிறது. ஆண், பெண் வேறுபாடில்லை. வழக்கமான அளவு 20 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ் வைக்கும் நைத்திரேற் மருந்தோடு சேர்ந்தால் குருதி அழுத்தம் அபாயமாக விழும், ஆகவே வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதே வருத்தத்துக்குத் தரும் இன்னொரு குளிசையான போசென்டான் எடுப்பவருக்கு ஈரல் பரிசோதனை மாதாமாதம் தேவை.

பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கேட்டது என்று வாங்கிப் போட வேண்டாம். இரண்டாவது வகையில், அதாவது இதயத்தின் இடப்பக்கக் கோளாறால் அழுத்தம் ஏறியவருக்கு, இந்த மருந்துகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. அங்கே வால்வையும் இதயத்தையும்தான் சரிசெய்ய வேண்டும்.

"மகளுக்கு 24 வயசு, இந்த வருத்தம். கலியாணம் முடிச்சா பிள்ளை பெறலாமா?"

கலியாணத்துக்குத் தடை இல்லை. கர்ப்பம் உயிராபத்தானது, அதைத் தவிர்க்கும்படிதான் வழிகாட்டல்கள் சொல்கின்றன. கர்ப்பத்தில் குருதியின் கனவளவு ஏறக்குறைய பாதியால் கூடும், ஒடுங்கிய நாடிகளால் அதை விட முடியாது. பிரசவமும் அதற்கடுத்த நாட்களும் மிக ஆபத்தானவை. தவிர, போசென்டான் போன்ற மருந்துகள் சிசுவுக்குக் குறைபாட்டை உண்டாக்கும், ஹோர்மோன் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். ஈஸ்திரஜன் கலந்த மாத்திரை குருதி உறைவுக்கும் இடம் கொடுக்கும். எந்த முறை பொருத்தம் என்று கலியாணத்துக்கு முன்பே இதய நிபுணரிடமும் மகப்பேற்று நிபுணரிடமும் பேசுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் பின்னால் "ஏன் இன்னும் பிள்ளை இல்லை" என்ற நெருக்கடி அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

"விறகடுப்பில சமைச்சதால வந்திருக்குமா?"

பல வருடம் புகைக்குள் சமைத்தவருக்குச் சுவாசப்பை பழுதாகி, மூன்றாவது வகையாக வரலாம். ஒட்சிசன் குறையும்போது கலங்களில் மிர்-210 கூடும். அது இரும்பு-கந்தகக் கொத்துகளைக் கட்டும் ஐஎஸ்சியூ புரதத்தைத் தணிக்க, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் வேலை குழம்பி, நாடி தடிக்கும் பக்கம் சாய்கிறது. ஒட்சிசன் குறைவும் நாடித் தடிப்பும் தொடுபடும் வழிகளில் இது ஒன்று.

நடைமுறைக்கு வருவோம். அடுப்பைப் புகைபோக்கியோடு வையுங்கள், அல்லது குசினியை வீட்டுக்கு வெளியே திறந்த பக்கமாக மாற்றுங்கள். ஈர விறகை எரிக்காதீர்கள். நெல் ஆலைத் தூசிக்குள் வேலை செய்பவர் இடம் மாறக் கேளுங்கள். நாடிக் குருதியின் ஒட்சிசன் அழுத்தம் 55 மில்லிமீற்றர் இரசத்துக்குக் குறைந்த நாட்பட்ட சுவாசப்பை நோயாளருக்கு நாளைக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் ஒட்சிசன் தேவை. "மூச்சு முட்டும்போது மட்டும் கொஞ்சம்" என்பது வேலைக்காகாது.

"சாப்பாட்டால மைக்ரோ ஆர்என்ஏயைக் கூட்டிக் குறைக்க ஏலுமா? மஞ்சள் நல்லமாமே?"

ஏலாது. சோற்றிலிருக்கும் மிர்-168ஏ மனிதக் குருதிக்குள் நுழைகிறது என்று 2011இல் ஒரு சீன ஆய்வு சொன்னது. பிறகு மற்றக் குழுக்கள் முயன்றபோது அது உறுதியாகவில்லை. அது உண்மையென்றால் மூன்று வேளையும் சோறு தின்னும் நமக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்! மஞ்சளில் உள்ள குர்குமின் சில மைக்ரோ ஆர்என்ஏக்களை மாற்றுவது கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களில். கறிக்குப் போடுவது போடுங்கள், மஞ்சள் குளிசை வாங்க வேண்டாம், முக்கியமாகக் குருதி உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர்.

சாப்பாட்டில் உண்மையாகப் பலன் தருவது உப்பைக் குறைப்பது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பக்கற் நூடில்ஸ் நான்கையும் நிறுத்தினாலே கால் வீக்கத்தில் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் மலசலம் கழித்த பிறகு நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர், கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

"கொழும்பில காசு கட்டி மைக்ரோ ஆர்என்ஏ ரெஸ்ற் செய்யலாமாம். செய்வமா?"

வேண்டாம். இந்த வருத்தத்தைக் கண்டறியவோ மருந்தைத் தீர்மானிக்கவோ எந்த வழிகாட்டலும் மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனையைக் கேட்கவில்லை. குருதியில் மிர்-150 குறைந்தவர்களின் ஆயுள் சராசரியாகக் குறைவு என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அது கூட்டமாகப் பார்த்தால் தெரியும் வித்தியாசம். உங்கள் கையில் வரும் ஒற்றை எண்ணை வைத்து ஒரு வைத்தியரும் ஒன்றும் மாற்றமாட்டார்.

அந்தக் காசுக்கு, இதயம் எவ்வளவு சிரமப்படுகிறது என்று காட்டும் என்ரி-புறோபிஎன்பி குருதிப் பரிசோதனையைச் செய்யுங்கள். ஆறு நிமிட நடைப் பரிசோதனைக்குக் காசே தேவையில்லை: நீளம் அளந்த நேரான நடையில் ஆறு நிமிடத்தில் எத்தனை மீற்றர் நடந்தார், ஒட்சிசன் எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

"இதை மருந்தா எப்ப தருவாங்க?"

எந்த வருத்தத்துக்கும் மைக்ரோ ஆர்என்ஏ மருந்து இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. வழி இரண்டு: குறைந்ததை மாற்றீடாகக் கொடுப்பது, கூடியதை எதிரிழையால் கட்டிப்போடுவது. ஈரலழற்சி சீ வைரசுக்கு எதிராக மிர்-122ஐக் கட்டிப்போடும் மிராவிர்சன் மனிதரில் வைரசைக் குறைத்தது. மிர்-34 மாற்றீடான எம்ஆர்எக்ஸ்-34 புற்றுநோய்ப் பரிசோதனையில் கடும் நிர்ப்பீடன எதிர்விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. நூறு தூதுகளைத் தொடும் ஒன்றைக் கூட்டினால் வேண்டாத தூதுகளும் அசையும் என்பது ஒரு சிக்கல். ஊசியில் போட்டால் பெரும்பங்கு ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடுவது இன்னொன்று. சுவாசப்பை வருத்தத்துக்கு நெபுலைசர் வழி இருப்பதால் அந்த இரண்டாவதில் நமக்குக் கொஞ்சம் அனுகூலம்.

இந்த வருத்தத்தின் முதலாவது வகைக்கு 2024இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சோட்டாடெர்செப்ட், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. மைக்ரோ ஆர்என்ஏ மருந்து அல்ல, ஆனால் பிஎம்பிஆர்-2 குறைந்ததால் சரிந்த சமநிலையைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. பரம்பரைக் கேள்விக்கான பதிலில் சொன்ன பாதையை அறிந்ததால் வந்த பலன்.

"மிர்-21 கூடுகிறது என்று ஒரு கட்டுரை, குறைகிறது என்று இன்னொன்று. யார் சொல்வது பிழை?"

பெரும்பாலும் இருவரும் சரியாகத்தான் அளந்திருப்பார்கள். மிர்-21ஐத் தடுத்தால் ஒட்சிசன் குறைந்த சுண்டெலியில் நாடித் தடிப்பு குறைந்தது என்கிறது ஓர் ஆய்வு. மிர்-21 இல்லாமல் பிறந்த சுண்டெலியில் வருத்தம் கூடியது என்கிறது மற்றது. தசைக் கலத்தில் அது பெருக்கத்துக்கு உதவுகிறது. அகவணியில் ரோ-பி புரதத்தைத் தணித்து நாடி இறுகாமல் பார்க்கிறது. முழுச் சுவாசப்பையையும் அரைத்து அளந்தால் இரண்டும் கலந்த ஓர் எண் வரும், அதற்குப் பொருள் இல்லை.

ஆகவே கட்டுரையை எடுத்ததும் முதலில் மூன்றைப் பாருங்கள்: எந்தக் கலம், எந்த மாதிரிமுறை (எந்த விலங்கில், எப்படி வருத்தத்தை உண்டாக்கினார்கள்), எத்தனையாவது நாள். நாடியைப் பழுதாக்கும் மொனோகுரோட்டலின் ஒற்றை ஊசி போட்ட எலிக்கு அழற்சி கூடுதல், மூன்று நான்கு வாரத்தில் வருத்தம் முற்றும். 10 வீத ஒட்சிசனில் வைத்த சுண்டெலிக்கு வருத்தம் மெல்லியது, வெளிக்காற்றில் விட்டால் பெரும்பாலும் திரும்பும். சுகென் மருந்தும் ஒட்சிசன் குறைவும் சேர்ந்த எலியில்தான் மனிதரில் காணும் முடிச்சுகள் போல வரும். மனித இழையமோ சுவாசப்பை மாற்றுச் சத்திரசிகிச்சையில் அகற்றியது, அதாவது வருத்தத்தின் கடைசிக் கட்டம், அதுவும் வருடக்கணக்காக மருந்தில் ஊறியது.

"இதயம் தாங்குவதிலும் இதற்குப் பங்கு உண்டா?"

உண்டு. அழுத்தம் ஒரே அளவான இருவரில் ஒருவர் நடமாட, மற்றவர் படுக்கையில் விழுவது வலது இதயவறையைப் பொறுத்தது. தளர்ந்துபோன வலது இதயவறையில் மிர்-126 குறைந்திருக்கிறது, அது குறைந்தால் தசைக்குப் போதிய மயிர்த்துளைக் குழாய்கள் உண்டாவதில்லை. கவனிக்க: மிர்-126ஐ மனிதருக்கு ஊசியால் ஏற்றும் சிகிச்சை இன்னும் இல்லை.

"ஆய்வுக்கு இரத்தம் எடுக்கிறோம். எந்தக் குழாய், எப்படி வைப்பது?"

ஊதா மூடி ஈடிடிஏ குழாய். பச்சை மூடி ஹெபாரின் குழாய் கூடவே கூடாது, ஏனெனில் ஹெபாரின் பிரித்தெடுத்த ஆர்என்ஏயோடு ஒட்டிக்கொண்டு வந்து, அதை அளக்கும் பிசிஆர் பரிசோதனையையே முடக்கும். இங்கே பலர் மறப்பது கதீற்றர் அறையில் எடுக்கும் மாதிரி: நாளத்தில் செருகிய குழாயுறையை ஹெபாரின் நீரால் கழுவியிருப்பார்கள். கழுவ முன் எடுங்கள், இல்லாவிட்டால் கை நாளத்தில் தனியாக எடுங்கள். இரண்டும் தவறினால் ஹெபாரினேஸ் நொதி போட வேண்டிவரும், அதையும் எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரிப் போட வேண்டும்.

21 கேஜ் ஊசி, டூர்னிக்கேயை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டாதீர்கள், குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். முழுக் குருதியை நேரே ஐஸில் வைத்தால் சிறுதட்டுகள் கிளம்பும், வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைத்தால் குழியங்கள் உடையும். ஏசி அறையில் வைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் 2,000 ஜீயில் 10 நிமிடம் சுழற்றுங்கள். வெண்படலத்துக்கு மேல் அரை சென்றிமீற்றர் விட்டு பிளாஸ்மாவை எடுங்கள். பிறகு 10,000 ஜீக்குக் குறையாமல் இன்னொரு 10 நிமிடம். இந்த இரண்டாவது சுற்றைத் தவிர்த்தால் எஞ்சும் சிறுதட்டுகள் உறையும்போது வெடித்து மிர்-126, மிர்-223 இரண்டையும் கொட்டும். 200 மைக்ரோலீற்றர் பங்குகளாகப் பிரித்து மறை 80 பாகையில் வையுங்கள். பொத்துவிலிலோ வாகரையிலோ எடுத்தால் அங்கேயே பிளாஸ்மாவாக்கிவிட்டு அனுப்புங்கள், முழுக் குருதியாக மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டாம்.

"பிளாஸ்மா இளஞ்சிவப்பா இருக்கு. பாவிக்கலாமா?"

கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் ஏற்கெனவே காலம் கடந்துவிட்டது. செங்குழியங்களில் மிர்-451உம் மிர்-16உம் நிறைய உண்டு. சில செங்குழியம் உடைந்தாலே அவை குதிக்கும். 414 நனோமீற்றரில் உறிஞ்சலைப் பாருங்கள், பிறகு பிசிஆரில் மிர்-23ஏயின் சிரி எண்ணிலிருந்து (சிரி எண் என்பது சமிக்ஞை தெரியத் தேவைப்பட்ட சுற்றுகள், அளவு கூடினால் அது குறையும்) மிர்-451ஏயின் சிரி எண்ணைக் கழியுங்கள். 28இலிருந்து 20 கழிந்தால் 8. 5க்குக் குறைவென்றால் நல்லது, 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். கழித்து வைத்தவற்றின் எண்ணிக்கையையும் கட்டுரையில் எழுதுங்கள்.

"அளவை எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? யூ-6 போதாதா?"

யூ-6 என்பது கலத்தில் இயல்பாக இருக்கும் இன்னொரு சிறிய ஆர்என்ஏ. கலங்களுக்கு அது பரவாயில்லை, பிளாஸ்மாவில் அது நிலையாக இல்லை. மிர்-16ஐ ஒப்பீட்டுக்கு எடுப்பது முந்தைய பதிலில் சொன்ன பொறியில் நேரே விழுவது. பிரித்தெடுக்கும்போதே, மனிதரில் இல்லாத புழுவின் மிர்-39ஐ ஒரே அளவாகச் சேர்த்தால் பிரித்தெடுப்பில் எவ்வளவு வீணானது என்று தெரியும். அதோடு எல்லா மாதிரியிலும் நிலையாக நிற்கும் இரண்டு மூன்று மைக்ரோ ஆர்என்ஏக்களை உங்கள் தரவிலிருந்தே தெரிந்தெடுங்கள். சிரி எண்ணில் ஒன்று வித்தியாசம் என்றால் அளவில் இரு மடங்கு. ஆகவே 0.4 வித்தியாசத்தைக் கொண்டாட வேண்டாம், பிப்பெற் பிழையே அவ்வளவு வரும். அஸ்பிரின், குளோபிடோகிறெல் எடுப்பவரில் சிறுதட்டு வழி வரும் மிர்-126, மிர்-223 தாமாகவே குறையும், மருந்துப் பட்டியலை மாதிரியோடு சேர்த்துப் பதியுங்கள்.

"இங்கிருந்து செய்யக்கூடிய ஆய்வு ஏதும் உண்டா? முதலாவது வகை நோயாளர் இங்கே அவ்வளவு இல்லையே."

அரிய வகையைத் துரத்தத் தேவையில்லை. மைட்ரல் வால்வு சுருங்கிப் பலூனால் விரிக்கப் போகும் நோயாளர் நல்ல வாய்ப்பு. விரித்தவுடன் அழுத்தத்தின் ஒரு பங்கு உடனே இறங்கும், மீதி மாதக்கணக்கில் இறங்கும். முதலாவது சுருக்கம் தளர்வதால், இரண்டாவது நாடிச் சுவர் மெல்ல மாறுவதால். எந்த மைக்ரோ ஆர்என்ஏ எந்தப் பங்கோடு போகிறது என்று அதே ஆளில் முன்னும் பின்னும் பார்க்கலாம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு ஒப்பீட்டில் கழிந்துவிடுவதால், சிறிய தொகையான நோயாளரிலும் பொருள் உள்ள விடை கிடைக்கும்.

மாதிரி மூன்று தடவை: பலூனுக்கு முன், அடுத்த நாள் காலை, ஆறாம் மாத எக்கோவன்று. பலூன் செய்யும்போது ஹெபாரின் கொடுப்பார்கள், ஆகவே அன்றைய மாதிரி உதவாது. அடுத்த நாளும் ஹெபாரின் ஊசி தொடர்ந்தால் அதை நிறுத்திய பிறகு எடுங்கள். மூன்றையும் காலையில், வெறும் வயிற்றில் எடுங்கள். ஆறாம் மாதம் வராமல் போவோர்தான் இப்படியான ஆய்வைக் கெடுப்பது. வயல் வெட்டுக் காலத்தில் படுவான்கரையிலிருந்து யாரும் வரமாட்டார்கள், திகதி குறிக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் வரை ஒரு துளி குருதியும் எடுக்கக் கூடாது. சம்மதப் படிவத்தில் "இந்தப் பரிசோதனை முடிவால் உங்கள் சிகிச்சை மாறாது" என்ற வரியை வெளிப்படையாக எழுதுங்கள், வாசித்தும் காட்டுங்கள்.